ஒரு குழலுக்கென்று பிறந்த கணை

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிரைகள் முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடும். போ நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டத்தைத் தாண்டி பிரிஞ்சாங் மலை உச்சிக்கு ஏறியவர்களுக்கு இது தெரியும். ஒரு வளைவு வரை கவ்வாத்து வெட்டிய பச்சை. அடுத்த வளைவில் பாசி தொங்கும் மரங்கள். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் இங்கே போ தோட்டத்தைத் தொடங்கினார். தமிழ்க் குடும்பங்கள் லயங்களில் வந்து குடியேறின. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அந்தக் காட்டில் ஆட்கள் இருந்தார்கள்: செமாய் மக்கள். தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லிகளில் பெரிய பிரிவுகளில் ஒன்று அவர்களுடையது.

செமாய் ஆணின் வேட்டைக் கருவி ஊதுகுழல். மலாயில் அதைச் சும்பிட் என்பார்கள். அந்தக் குழலிலிருந்து பறப்பது ஏறக்குறைய ஒரு சாண் நீளமுள்ள, ஓரிரு கிராம் எடைகூடத் தேறாத ஒரு கணை. இறகு கிடையாது, இரும்பு முனை கிடையாது. பார்த்தால் துடைப்பக் குச்சி. ஆனால் மரத்தின் உச்சாணிக் கிளையில் இருக்கும் குரங்கை அது கீழே கொண்டுவந்துவிடும். அந்தக் குச்சி எங்கே பிறக்கிறது, எப்படிக் கணையாகிறது, எங்கெல்லாம் போய்வந்திருக்கிறது என்பதுதான் இங்கே சொல்லப்போவது.

முதலில் மூங்கில்

கணையின் பிறப்பைச் சொல்லக் குழலிலிருந்துதான் தொடங்க வேண்டும். குழலின் துவாரம் என்ன அளவோ, அதுதான் கணையின் அளவு.

குழலுக்கு எந்த மூங்கிலும் ஆகாது. சாதாரண மூங்கிலில் ஒரு முழத்துக்கு ஒரு கணு வந்துவிடும். கணு இருந்தால் உள்ளே குறுக்குச் சுவர் இருக்கும். அதைக் குத்தி எடுத்தாலும் தழும்பு போகாது. செமாய் வேடர்கள் தேடிப் போவது ஒரு குறிப்பிட்ட மலை மூங்கிலை. தாவரவியலாளர்கள் அதற்கு பாம்பூசா ரேயி என்று பெயர் வைத்தார்கள். பேராக் அருங்காட்சியகத்தைப் பொறுப்பேற்று நடத்திய லியனார்ட் ரே என்பவரின் பெயர் அது. இப்போது அதை வேறொரு பேரினத்தில் சேர்த்து கினபாலுக்ளோவா ரேயி என்கிறார்கள். ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவே 2 மீட்டர் வரை இடைவெளி விட்டு வளரக்கூடிய அபூர்வ மூங்கில் இது. உயரமான மலைகளில், அதுவும் சில இடங்களில் மட்டுமே வளரும். அதற்காகவே பல நாள் நடந்து போய் வெட்டி வருவதும், கிடைக்காத ஊர்க்காரர்கள் பண்டமாற்றாக வாங்கிக்கொள்வதும் வழக்கமாக இருந்தது.

வெட்டிய மூங்கில் நெருப்புச் சூட்டில் காய்கிறது. வளைவு இருக்கும் இடத்தைச் சூடாக்கி நிமிர்த்துகிறார்கள். உட்புறத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி போல வழவழப்பாக்குகிறார்கள். இப்படித் தயாராவது உட்குழல். அது மெல்லியது, தானாக நின்றால் வளைந்துவிடும். அதனால் அதை இன்னொரு மூங்கிலுக்குள் செருகுகிறார்கள். அந்த வெளிக்குழல் உறை போல் உள்ளதைக் காத்து நேராக வைத்திருக்கும். வாய் வைக்கும் முனையில் குமிழ் போன்ற ஒரு பிடி. பொருத்துகளை மரப்பிசினால் அடைப்பார்கள். வெளிக்குழலில் கீறி வரையும் கோலங்களுக்கு எல்லையே இல்லை. செமாய் மக்களிடையே 1960-களில் வாழ்ந்து ஆராய்ந்த மானுடவியலாளர் ராபர்ட் டென்டன், குழல் அவர்களிடம் ஆண்மையின் அடையாளம் என்றும், அதை மெருகேற்றுவதில் அவர்கள் செலவிடும் நேரம் அளவற்றது என்றும் பதிவு செய்திருக்கிறார்.

குச்சி கணையாகும் விதம்

காட்டில் பெர்த்தாம் என்றொரு தண்டில்லாத பனை வகை, புதராக மண்டிக் கிடக்கும். அதன் ஓலைக் காம்பு உறுதியானது. நார் நேராக ஓடும். அதைப் பிளந்து, சீவி, பின்னல் ஊசி கனத்துக்குக் கொண்டுவந்தால் கணையின் தண்டு தயார். நுனியைக் கூராக்குவார்கள். நுனிக்குச் சற்றுப் பின்னால் சுற்றிலும் ஒரு மெல்லிய வெட்டு விழும். தைத்த கணையைக் குரங்கு பிடுங்கி எறிய முயன்றால் அந்த வெட்டில் முறிந்து, நுனி மட்டும் உடம்பிலேயே தங்கிவிடும்.

தண்டின் மறுமுனையில் ஒரு சின்னக் கூம்பு. பனைக் காம்பின் உள்ளே இருக்கும் நெட்டி போன்ற இலேசான சதையைச் சீவிச் செய்வது. கணை எப்படிப் பறக்கும் என்பதைத் தீர்மானிப்பது இந்தக் கூம்புதான். துவாரத்தைவிடச் சிறிதாக இருந்தால் காற்று பக்கவாட்டில் நழுவிப் போய்விடும். ஊதியதில் பாதி வீண். பெரிதாக இருந்தால் குழலை உரசி வேகத்தைத் தின்றுவிடும். துவாரத்தின் விட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர். அதற்குள் கூம்பு வழுக்கிப் போகவும் வேண்டும், காற்றை விடாமல் பிடிக்கவும் வேண்டும். மீதி இருக்கும் கசிவை அடைக்க, கணையைப் போட்டபின் பனையிலிருந்து சுரண்டிய பஞ்சு போன்ற பொருளைக் கொஞ்சம் பின்னால் திணிப்பார்கள்.

கூம்பின் நடுவும் தண்டின் நடுவும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். தண்டு ஒரு மயிரிழை கோணலாக இருந்தாலும் கணை குழலைவிட்டு வெளியேறும்போதே தலை ஆட்டும். கணையைக் கண்ணுக்கு நேரே பிடித்து விரல்களால் உருட்டினால் கோணல் தெரிந்துவிடும். தெரிந்தால் சூடு காட்டி நிமிர்த்தலாம். நிமிராவிட்டால் அது அடுப்புக்குத்தான்.

இத்தனைக்குப் பிறகு கணை மூங்கில் தூணிக்குள் போகிறது. நல்ல தூணியில் ஒவ்வொரு கணைக்கும் தனித்தனி நாணல் குழாய் இருக்கும், ஒன்றோடொன்று உரசாமல். மேலே பிரம்பில் முடைந்த மூடி. கேமரன் மலையின் மூடுபனிக்கும் மழைக்கும் நடுவே இந்த மூடி அலங்காரம் அல்ல; ஈரம் பட்ட கூம்பு உப்பும், ஈரம் பட்ட தண்டு வளையும்.

மூச்சின் கணக்கு

தோட்டத்து லயங்களில் ஈர விறகோடு மல்லுக்கட்டிய பாட்டிமார்களுக்கு இந்தக் கருவியின் தத்துவத்தை விளக்கவே வேண்டாம். அடுப்பூதும் குழல் மூச்சை ஓர் இடத்தில் குவிக்கிறது. வேடனின் குழல் அதே மூச்சை ஒரு பொருளின் முதுகில் ஏற்றுகிறது.

எவ்வளவு சக்தி அது? மனித நுரையீரல் முழு வலுவோடு ஊதினால் எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள கூம்பின் மீது அந்த அழுத்தம் 2 மீட்டர் நீளத்துக்குத் தொடர்ந்து தள்ளினால், கசிவும் உராய்வும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், கணைக்குக் கிடைப்பது ஒன்றரை ஜூல் அளவுதான். குழல் ஏன் நீளமாக இருக்க வேண்டும் என்பதற்கு விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அழுத்தத்தை மனிதனால் கூட்ட முடியாது. தள்ளும் தூரத்தைத்தான் கூட்ட முடியும். அதனால்தான் கணுவில்லாத 2 மீட்டர் மூங்கிலுக்காக மலை ஏறுகிறார்கள்.

ஒன்றரை ஜூல் ஒரு குரங்கைக் கொல்லாது. தோலைத் துளைக்கும், அவ்வளவுதான். மீதி வேலைக்கு வேறொன்று வேண்டும். அதற்கு முன், இந்தக் கணையின் தூரத்து உறவினன் ஒருவனைப் பார்த்துவிடலாம்.

50 மீட்டரில் ஓர் உறவினன்

2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்டு வில்வித்தையின் ஐந்து தங்கங்களையும் இந்தியா அள்ளியது. ஜோதி சுரேகாவும் ஓஜஸ் தேவ்தலேவும் தனிநபர் தங்கம் வென்றார்கள். அந்த வில்லைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் இரு முனைகளிலும் சக்கரங்கள் இருப்பதைக் கவனித்திருப்பார்கள். அமெரிக்காவின் மிசௌரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969-இல் பெற்ற கண்டுபிடிப்பு அது. சக்கரங்கள் சுழன்று, முழுவதும் இழுத்த நிலையில் கையில் தாங்க வேண்டிய பாரத்தைப் பெரும்பகுதி குறைத்துவிடும். போட்டியில் 60 பவுண்டு வரை இழுவிசை அனுமதி. இலக்கு 50 மீட்டர் தொலைவில்; தாளின் விட்டம் 80 சென்டிமீட்டர், பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 8 சென்டிமீட்டர்.

அந்த வில்லிலிருந்து 25 கிராம் எடையுள்ள அம்பு நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் போனால் அதன் சக்தி சுமார் 90 ஜூல். செமாய் கணையைப்போல் அறுபது மடங்கு. ஆனால் இரண்டையும் செய்கிறவரின் கவலை ஒன்றேதான்: ஏவும் கருவியோடு அம்பு பொருந்துகிறதா?

காம்பவுண்டு வில்லாளி கடையில் வாங்குவது அம்பு அல்ல, கார்பன் அல்லது அலுமினியத் தண்டு. அதன் மேல் ஓர் எண் இருக்கும்: 400, 500 என்று. அதை ஸ்பைன் என்பார்கள். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகளின் மேல் தண்டை வைத்து, நடுவில் 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் தண்டு எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் வளைகிறது என்பதே அந்த எண். எண் கூடினால் தண்டு நெகிழ்வானது. வில்லின் விசை நாணின் வழியே அம்பின் முதுகில் மோதும் கணத்தில் ஒவ்வொரு அம்பும் வளைந்து நிமிர்ந்துதான் கிளம்புகிறது. வலுவான வில்லுக்கு விறைப்பான தண்டு. மென்மையான வில்லுக்கு நெகிழ்வான தண்டு. மாறிப்போனால் எத்தனை நல்ல கையாக இருந்தாலும் அம்புகள் தாளில் சிதறும்.

எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. தண்டை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுகிறோமோ, முனையில் எவ்வளவு எடை வைக்கிறோமோ அதற்கேற்ப அது நடந்துகொள்ளும் விதம் மாறும். நீளத்தைக் குறைத்தால் விறைக்கும். முனை எடையைக் கூட்டினால் நெகிழும். வேகமாகச் சுழலும் தேய்ப்பு ரம்பத்தால் வெட்டி, வெட்டு முகம் சதுரமாக இருக்கிறதா என்று பார்த்து, கார்பன் தூளைத் துடைத்து எடுத்த பிறகுதான் முனை ஏறும். சூட்டில் உருகும் பசையைப் பயன்படுத்தும்போது சூடு காட்டுவது முனைக்குத்தான். கார்பன் தண்டுக்கு நேரடியாகத் தீ காட்டினால் அதில் உள்ள பிசின் கெட்டுவிடும். பின்பக்கம் நாணில் மாட்டும் பிளாஸ்டிக் குதை. அதை நாக் என்பார்கள். அதற்கு முன்னால், இறகுக்குப் பதிலாக, மூன்று சிறிய பிளாஸ்டிக் தகடுகள். அச்சில் பொருத்தி, சற்றே சாய்த்து ஒட்டினால் அம்பு பறக்கும்போது சுழலும். கடைசியில் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எடை பார்த்து, எண் எழுதிவிடுவார்கள்.

அடுத்தது டியூனிங். சட்டத்தில் விறைப்பாகக் கட்டிய காகிதத்தின் வழியே சில அடி தூரத்திலிருந்து எய்வார்கள். அம்பு நேராகப் போயிருந்தால் ஒரு துளையும் அதைச் சுற்றி மூன்று கீறலும் இருக்கும். வால் ஒரு பக்கம் இழுத்திருந்தால் காகிதம் அந்தப் பக்கம் கிழிந்திருக்கும். கிழிசலைப் பார்த்து அம்பு தாங்கியை மில்லிமீட்டரின் சிறு பங்கு நகர்த்துவார்கள், நாணில் குதை மாட்டும் இடத்தை ஏற்றி இறக்குவார்கள். பிறகு தகடு ஒட்டாத வெற்றுத் தண்டை எய்து, அது மற்ற அம்புகளோடு சேர்ந்து விழுகிறதா என்று பார்ப்பார்கள். தகடு பல குறைகளை மூடி மறைத்துவிடும். வெற்றுத் தண்டால் அதைச் செய்ய முடியாது. இத்தனைக்கும் பிறகு பன்னிரண்டில் ஓர் அம்பு மட்டும் திரும்பத் திரும்ப விலகினால், அதன் குதையை ஒரு தகடு அளவுக்குத் திருப்பிப் பார்ப்பார்கள். கார்பன் குழாய் சுற்றிலும் ஒரே விறைப்போடு இருக்காது. திருப்பியும் அடங்காத அம்பு பயிற்சிக்குப் போய்விடும், போட்டிக்கு வராது.

செமாய் கணைக்கும் இதே இயற்பியல்தான். பறக்கும் பொருள் நேராகப் போக, எடை முன்னால் இருக்க வேண்டும், காற்றின் இழுவை பின்னால் இருக்க வேண்டும். வில்லாளி முன்முனையில் உலோகமும் பின்முனையில் தகடும் வைக்கிறார். செமாய் வேடர் முன்னால் கெட்டியான தண்டும் பின்னால் எடையற்ற நெட்டிக் கூம்பும் வைக்கிறார். கூம்பு அவருக்கு இரண்டு வேலை செய்கிறது: குழலுக்குள் இருக்கும்வரை தக்கை, வெளியே வந்தபின் இறகு.

ஈப்போ மரம்

இப்போது அந்த மீதி வேலைக்கு வருவோம். கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினால் வரும் ஈப்போ நகரத்துக்குப் பெயர் கொடுத்த மரம்தான் கணைக்கு நஞ்சும் கொடுக்கிறது. ஈப்போ ரயில் நிலையத்தின் முன்னால் அந்த மரத்தை இன்றும் பார்க்கலாம். தாவரவியல் பெயர் அன்டியாரிஸ் டாக்ஸிகேரியா. பட்டையைக் கீறினால் பால் வடியும். அதைப் பிடித்து, மரத் தட்டையில் பூசி, மெல்லிய தீயில் வாட்டினால் கருத்த பசையாகும். கணையின் நுனியில் தடவிக் காயவைக்க வேண்டியதுதான்.

ஐரோப்பாவில் இந்த மரத்தைப் பற்றி ஒரு பெரும் புளுகு உலவியது. 1783-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் ஃபோர்ஷ் என்ற பெயரில் வந்த கட்டுரை, ஜாவாவில் நிற்கும் இந்த மரத்தைச் சுற்றிப் பல மைல்களுக்குப் புல்லும் முளைக்காது, பறவையும் பறக்காது என்றது. உண்மையில் மரத்தடியில் நின்றால் ஒன்றும் ஆகாது. பாலில் இருப்பது இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடு வகைப் பொருள். மருத்துவர்கள் இதய நோய்க்குக் கொடுக்கும் டிஜிட்டாலிஸின் உறவு. இரத்தத்தில் கலந்தால் இதயத் துடிப்பைக் குலைத்து நிறுத்திவிடும். வயிற்றின் வழியே போனால் உடல் அதை எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. அதனால்தான் கணை தைத்த இடத்துச் சதையை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைத்துச் சாப்பிட முடிகிறது.

நஞ்சு இருப்பதால் கணை பெரிய காயம் உண்டாக்கத் தேவையில்லை. காயம் தேவையில்லாததால் கணை இலேசாக இருக்கலாம். இலேசாக இருப்பதால் மூச்சே போதும். சத்தமும் எழாது, கூட்டத்தில் ஒரு குரங்கு விழுந்த பிறகும் மற்றவை கலையாமல் இருக்கும். மூங்கில், பனை, மரப்பால் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஏற்பாடு இது. ஒன்றை எடுத்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் பயனில்லை.

காட்டுக்கு வெளியே

கணையும் குழலும் காட்டோடு நின்றுவிடவில்லை. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்தியாவின் ஊதுகுழல், வளரி, குறுக்குவில் மூன்றையும் பற்றி 1924-இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். தமிழ்ப் பகுதியில் மண் உருண்டையை ஊதி எய்யும் குழலுக்குச் சுங்குத்தான் என்று பெயர். மலபார்க் கரையில் குழலால் மீனையே எய்தார்கள். மலாய்த் தீவுகளோடு இருந்த கடல் தொடர்பில் இந்தக் கருவி தென்னிந்தியாவுக்கு வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கேமரன் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன தமிழர்களின் முன்னோர் ஊரில், அந்தக் காட்டுக் கருவியின் உறவு ஒன்று ஏற்கனவே இருந்திருக்கிறது.

கணை மனிதர் மேலும் பாய்ந்திருக்கிறது. தைப்பிங்கில் உள்ள பேராக் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய மானுடவியலாளர் பாட் நூன், செமாய்களின் அண்டையரான தெமியார் மக்களோடு வாழ்ந்து அவர்களில் ஒருவரையே மணந்தவர். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1943-இல், காட்டில் மறைந்துபோனார். அவர் ஊதுகணையால் கொல்லப்பட்டார் என்ற முடிவுக்கு வந்து எழுதியவர் அவருடைய தம்பி ரிச்சர்ட் நூன். அதே ரிச்சர்ட்தான் 1950-களில் பூர்வகுடித் துறைக்குத் தலைமை வகித்து, கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களுக்கு எதிராக ஓராங் அஸ்லிகளைக் கொண்டு செனோய் பிராக் என்ற காவல் படையை உருவாக்கினார்.

இன்று மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், ஓராங் அஸ்லிகள் தம் உணவுக்காக மட்டும் சில விலங்குகளை வேட்டையாட அனுமதிக்கிறது, விற்க அனுமதியில்லை. தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறும் பழைய சாலையோரக் கடைகளில், பெட்டாய் என்ற காட்டு அவரைக்கும் தேனுக்கும் பக்கத்தில், சுற்றுலாக்காரர்களுக்கான சிறு குழல்கள் தொங்குகின்றன. அவற்றில் பல சாதாரண மூங்கில். கூடவே கொடுக்கும் கணைகள் எந்தக் குழலுக்கும் போகும்; அதனாலேயே எந்தக் குழலுக்கும் சரியாகப் பொருந்தாது. வாங்குகிறவர் அதை வீட்டுச் சுவரில் மாட்டப்போகிறார் என்பது விற்கிறவருக்கும் தெரியும்.

சுற்றுலாக் கடையை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. காம்பவுண்டு அம்பின் அளவுகள் எழுத்தில் இருக்கின்றன. தண்டில் அச்சிட்ட எண்ணைச் சொன்னால் கோலாலம்பூரிலும் கோயம்புத்தூரிலும் அதே தண்டு கிடைக்கும். அம்பு தொலைந்தால் அதே அளவுக்கு இன்னொன்று செய்துகொள்ளலாம். செமாய் கணையின் அளவு எந்த அட்டவணையிலும் இல்லை. அது ஒரு குறிப்பிட்ட மூங்கிலின் துவாரத்தில் இருக்கிறது. அந்த மூங்கிலோ உயர்ந்த மலைகளில் மட்டும் நிற்கிறது. அதே உயரத்தில், அதே குளிரை நம்பித்தான் தேயிலையும் வந்தது, முட்டைக்கோசும் தக்காளியும் வந்தன, விடுதிகளும் வந்தன. கேமரன் மலையில் சரிவுகளை வெட்டிக் காய்கறித் தோட்டம் போடும்போது மண்சரிவையும் ஆற்று வண்டலையும் பற்றிப் பேசுகிறோம். அங்கே வளரும் 2 மீட்டர் மூங்கிலையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஊதுகுழலைக் காப்பதற்கு அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியைவிட உபயோகமானது, மூங்கில் வளரும் மேட்டைச் செமாய் கிராமங்களின் பொறுப்பில் வெட்டாமல் விட்டுவைப்பது. அது இருந்தால் கூம்பு சீவும் கைகளுக்கு வேலை இருக்கும். கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்குச் சரிபார்க்க ஒரு குழலும் இருக்கும்.